அடி பார்க்காமல் வாங்கிய சிப்பி

பதினெட்டாயிரம் ரூபாய். கேட்ட விலையை ஒரு ரூபாய் குறைக்காமல் அப்படியே எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தாள் டெபோரா. வேறு யாராவது கொடுத்திருந்தால் அதில் ஒன்றுமில்லை. கொடுத்தது டெபோரா.

பாளையங்கோட்டை தெற்கு பஜாரில் முப்பத்தோரு வருஷமாகப் பாத்திரக்கடை நடத்துகிறவள். குக்கர் கம்பெனி ஆள் அவள் கடைப் படி ஏறும்முன் ஒரு சின்ன ஜெபம் செய்துகொண்டுதான் ஏறுவான். பல் பிடுங்கப் போன இடத்தில், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே, "ரெண்டாப் பிடுங்குனா எம்புட்டுக் குறைப்பிய?" என்று டாக்டரைக் கேட்டவள். அப்பேர்ப்பட்டவள் வண்ணார்பேட்டை கிங்ஸ்லியின் மீன் கடையில், ஒரு கண்ணாடித் தொட்டிக்கு முன்னால், வாயடைத்து நின்றுவிட்டாள்.

உள்ளே ஒரு சிப்பி. கை அகலம் இருக்கும். ஓடு பிளந்து, அதன் விளிம்பெல்லாம் சதை மடிப்பு மடிப்பாக வழிந்து கிடந்தது. கல்யாணப் பட்டின் கொசுவத்தைக் கடலில் போட்ட மாதிரி நீலம், அதில் பொன் பொட்டு, ஓரத்தில் கடுகு கடுகாக ஒரு வரிசைக் கண். நன்றாகப் பார்க்க டெபோரா குனிந்தாள். அவள் நிழல் விழுந்ததுதான் தாமதம், சிப்பி சடக்கென்று மூடிக்கொண்டது.

கடன் கேட்டு வருகிறவன் நிழல் பட்டதும் கல்லாப்பெட்டியை மூடுவாளே, அச்சு அசல் அதேதான். டெபோராவுக்குத் தன் சொந்தக்காரியைப் பார்த்த மாதிரி இருந்தது.

"ராட்சதச் சிப்பி எக்கா," என்றான் கிங்ஸ்லி. "டெராசா ஜாதி. வெளிநாட்டுப் பண்ணையில வளந்தது. கடல்ல புடிச்சதில்ல. கடல்ல புடிச்சா கேஸு. இது பேப்பர் உள்ள சரக்கு."

"அடியக் காட்டு."

"கல்லோட ஒட்டியிருக்கு எக்கா. பிரிச்சா செத்துரும்."

பாத்திரம் வாங்குகிறவன் அடியைப் பார்ப்பான் என்பதுதான் அவள் அப்பா அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போன சொத்து. மேல் பளபளப்பு எல்லாப் பாத்திரத்துக்கும் உண்டு. தகட்டின் கனமும் கம்பெனியின் முத்திரையும் அடியில்தான் இருக்கும். அன்றைக்கு அவள் அடியைப் பார்க்கவில்லை. விலையும் பேசவில்லை. சிப்பி மறுபடி திறக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்தது. பர்ஸும் திறந்தது. 'டெராசா, பண்ணை வளர்ப்பு, ஒன்று' என்று பில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான் கிங்ஸ்லி.

வீட்டில் கடல்தொட்டி வந்த கதை தனி. கணவர் இஸ்ரவேல் ராதாபுரம் தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். பிரஷருக்கு நல்லது, மீன் பாருங்கள் என்றார் டாக்டர். ஒரு தொட்டி வாங்கினார்கள். மீனைப் பார்த்தது டெபோரா. கரண்டு பில்லைப் பார்த்தது இஸ்ரவேல். இரண்டே வருஷத்தில் தங்கமீன் போய், உப்புத் தண்ணீரும் பவளப் பூச்சியும் ஊதா விளக்குமாக, ஹாலில் பாதி கடலாகிவிட்டது. இப்போது சிப்பி.

"தீனி என்ன போடணும்?" என்று கேட்டார் இஸ்ரவேல்.

"வெளிச்சம்."

"வெளிச்சமா?"

"சதைக்குள்ள பாசி இருக்கு. அது வெளிச்சத்தத் தின்னு சமைச்சு இதுக்குப் போடுது. கூலிக்காரனை உள்ளேயே குடி வச்சிருக்கு. சாமர்த்தியசாலி."

காலை பத்துக்கு விளக்கு, மாலை ஏழுக்கு அணைப்பு. கடை நேரமும் சிப்பி நேரமும் ஒன்று. ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பதால் தினமும் காலையில் சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்து, சோதனைச் சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறும்வரை சொட்டை எண்ணுவாள். பைபிளில் சங்கீதம் வாசிக்கிறதற்கு முன்னால் அதுதான் நடக்கும். பக்கத்துப் பாய்க்கடை நாசர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "எக்கா, ஆக்குனா எத்தனை பேருக்குக் காணும்?" என்றான்.

"ஒம்ம கடையப் பாயோட சுருட்டி எரிச்சாத்தான் இது வேகும். சம்மதம்னா சொல்லும் வே."

இந்தக் கதையில் தப்பு நடந்தது தண்ணீரில்.

தொட்டித் தண்ணீர் வெயிலில் வற்றும். உப்பு வற்றாது, தண்ணீர் மட்டும்தான் வற்றும். வற்றிய அளவுக்கு ஆர்.ஓ. மெஷினில் வடித்த தண்ணீரைத் தினமும் ஊற்ற வேண்டும். இஸ்ரவேலுக்கு இதுவே பெரிய மானப்பிரச்சினை. பாபநாசத்தில் இருந்து இறங்கி வருகிற தாமிரபரணித் தண்ணியை மெஷினில் விட்டுச் சுத்தம் பண்ணுவதா? பெத்த தாயைக் குளிப்பாட்டி வீட்டுக்குள் விடுகிற மாதிரி அல்லவா? ஆனாலும் வடித்தார், பிளாஸ்டிக் கேனில் பிடித்து ஊற்றினார். மே மாதத்தில் கேன் விரிசல் விட்டது. இஸ்ரவேல் யோசித்தார். கடையில் இருந்து குழாய் வைத்த புதுச் செம்பு டிரம் ஒன்றை எடுத்துவந்து, அதில் தண்ணீர் நிரப்பினார். மனைவிக்குச் சொல்லாமல், ஒரு அன்பளிப்பு மாதிரி.

பதினோராம் நாள் தொட்டி நத்தைகள் கண்ணாடியிலிருந்து பொலபொலவென்று விழுந்தன. மறுநாள் சிப்பியின் சதை உள்ளே இழுத்துக்கொண்டது. நிழல் விழுந்தால் மூடவில்லை. வாய் மட்டும் 'ஆ'வென்று கிடந்தது. டெபோரா கிங்ஸ்லிக்குப் போன் போட்டாள்.

"வெயில் எக்கா. இந்த வருஷம் எல்லாருக்கும் போவுது. புதுசு ஒண்ணு எடுத்துக்கிடுங்க, உங்களுக்குன்னா ஆயிரம் குறைச்சுத் தாரேன்."

விலை குறைக்கிறவன் எதையோ மறைக்கிறான். போனை வைத்துவிட்டு வீட்டைச் சுற்றிவந்தாள். அடுக்களை மூலையில் செம்பு டிரம் தகதகவென்று நின்றது.

"இதுல என்ன தண்ணி?"

"உன் சிப்பிக்கு உள்ளதுதான்," என்றார் இஸ்ரவேல் பெருமையாக. "செம்புல வச்சா தண்ணியில உள்ள விஷமெல்லாம் செத்துரும்னு நீதானே தெனமும் கஸ்டமர்ட்ட சொல்லுத?"

டெபோரா டிரம்மின் குழாயை இறுக்கி மூடினாள். கடை வாசலில் அவள் கைப்பட எழுதிய போர்டே இருக்கிறது: 'செம்புத் தண்ணீர், ஆயிரம் நோய்க்கு மருந்து.' ஆயிரம் என்று எண்ணிப் பார்த்தது யார்? அவள்தான், ஒரு மத்தியான வேளையில், வியாபாரம் மந்தமாக இருந்தபோது. மனுஷனுக்குச் செம்பு தாங்கும். நத்தைக்கும் சிப்பிக்கும் கடுகளவு செம்பும் விஷம். அதிலும் வடித்த தண்ணீர் பசித்த தண்ணீர். டிரம்மையே நக்கிச் சாப்பிட்டிருக்கும்.

தான் விற்ற சொல் தன் வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது. அவரை எப்படித் திட்ட? "உங்களச் சொல்லிக் குத்தமில்ல," என்றாள். இஸ்ரவேலுக்கு அது திட்டைவிடப் பயமாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வேதக்கோவிலில் அசன விருந்து. ஊரே பந்தியில் உட்காருகிற நாள். அண்டா, குத்துப்போணி எல்லாம் வருஷா வருஷம் டெபோரா கடையில் இருந்துதான் போகும். எண்ணிக் கொடுக்கவும் எண்ணி வாங்கவும் அவளே நிற்பாள். இந்த வருஷம் அண்டா மட்டும் போயிற்று. அரிசி கழுவப் போகவேண்டிய பெரிய பிளாஸ்டிக் தொட்டியைத் தன் வீட்டில் நிறுத்திக்கொண்டாள். அதில் புது உப்பைக் கரைத்தாள், கரித்தூள் பையைத் தொங்கவிட்டாள், காற்றுக் குழாயைப் போட்டாள். பிறகு சிப்பியைக் கல்லோடு தூக்கினாள்.

கல் கையோடு கழன்று வந்தது.

சிப்பி கல்லில் ஒட்டியிருக்கவில்லை. நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பசை அப்பியிருந்தது. ஓட்டைப் பாத்திரத்தின் அடியில் ஈயத்தை அப்பி விற்கிற வேலையை அவள் எத்தனை முறை பார்த்திருப்பாள்! சிப்பியைத் தண்ணீருக்குள்ளேயே பையச் சாய்த்து, ஐந்து மாதமாகப் பார்க்காத அடியைப் பார்த்தாள்.

அடியில் ஒரு பெரிய பிளவு. அதில் இருந்து நார் நாராக இறங்கி, ஒரு பவளப்பாறைத் துண்டைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. ஓட்டின் மேல் நெருக்க நெருக்கமாகச் செதில் வரிசை. ஒரு பக்கம் நீளம், மறுபக்கம் குட்டை. பாறைத் துண்டின் ஓரத்தில் புதுசாக வெட்டிய வெள்ளைத் தழும்பு.

போனை எடுத்துப் படம் படமாகப் பார்த்தாள். டெராசாவுக்கு ஓடு வழவழவென்று இருக்கும்; அடியில் பிளவு இருக்கிறதே தெரியாது. பெரிய பிளவும் நெருங்கிய செதிலும் கோணல் ஓடும் உள்ளது மாக்ஸிமா என்கிற வேறு ஜாதி. சரி, மாக்ஸிமாவையும் பண்ணையில் வளர்க்கிறார்களாம். ஆனால் எந்தப் பண்ணையிலும் சிப்பியைக் கடப்பாரை போட்டு நெம்பி எடுக்கமாட்டார்கள். இது கடல் சரக்கு. தொடவே கூடாது என்று சட்டம் சொல்லுகிற சரக்கு.

"நம்மட்ட பில்லு இருக்குல்லா?" என்றார் இஸ்ரவேல். முப்பது வருஷம் பைல் கட்டியவர். "பேசாம இரி. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே."

"சொன்னா சிப்பிய எடுத்துட்டுப் போயிருவான். கேஸும் உன் மேலதான்."

அது டெபோராவுக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டால் சிப்பி அவளுடையது. பிழைத்துவிட்டால் அது அவளைவிட அதிக நாள் இருக்கும். வாயைத் திறந்தால் சிப்பி இல்லை. அசனத் தொட்டியில் கிடந்த சிப்பியைப் பார்த்தாள். அதுவும் வாயைத் திறந்துகொண்டுதான் கிடந்தது.

நான்காம் நாள் அவள் நிழல் பட்டதும் சிப்பி லேசாக அசைந்தது. ஆறாம் நாள் மூடியது. டெபோரா தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, "அப்படிச் சொல்லுட்டி," என்றாள். பிறகு கிங்ஸ்லிக்கு ஒரு படம் அனுப்பினாள்: சிப்பியின் அடி.

அரைமணி நேரத்தில் கடை வாசலில் அவன் பைக் நின்றது.

"எக்கா, சின்ன விஷயத்தப் பெருசாக்காதிய. பதினெட்டையும் திருப்பித் தாரேன். சிப்பியக் குடுத்துருங்க."

டெபோரா டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சரி, இருபது."

ஒரு டம்ளர்.

"இருபத்தஞ்சு எக்கா. கொச்சியில ஒரு பார்ட்டி கேக்கான்."

இன்னொரு டம்ளர். வாங்கியவள் பேசாமல் இருக்க, விற்றவனே விலையை ஏற்றிக்கொண்டு போகிற வியாபாரத்தை அவள் இதுவரை கண்டதில்லை. இன்னும் நாலு டம்ளர் அடுக்கினால் அவன் மோதிரத்தையும் கழற்றுவான் என்று பட்டது. கிங்ஸ்லி கல்லா மேஜையில் கையை ஊன்றிக் குரலைத் தாழ்த்தினான்.

"பில்லுல நான் பண்ணைன்னுதான் எழுதியிருக்கேன். வீட்டுல வச்சிருக்கது நீங்க. கேஸுன்னு வந்தா மொதக் கம்பி உங்களுக்குத்தான், பாத்துக்கிடுங்க."

கம்பி என்ற சொல் கேட்டதும் டெபோராவுக்கு முதுகு நேரானது. அவளிடம் கெஞ்சினவன் உண்டு, அழுதவன் உண்டு. அவள் கடைக்குள் வந்து மிரட்டியவன் கிடையாது. மூஞ்சியில் அதைக் காட்டவில்லை. சிரித்தாள். பண்டிகைத் தள்ளுபடிச் சிரிப்பு.

"ஏலே, நீ எதுக்குப் பதறுத? நான் சண்டைக்கா படம் அனுப்புனேன்? திசையன்விளையில என் தம்பி புதுசா வீடு கட்டியிருக்கான். சுவரளவுக்குத் தொட்டி வைக்கானாம். மொத்தமா எடுத்தா என்ன ரேட்டு?"

டெபோராவுக்குத் தம்பியே கிடையாது. அதைக் கர்த்தரிடம் தனியாகப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

கிங்ஸ்லியின் கை மேஜையை விட்டு இறங்கியது. மொத்தம் என்ற சொல்லுக்கு எந்த வியாபாரியும் அசையாமல் இருந்ததில்லை. "எத்தனை வேணும்?"

"எத்தனை வச்சிருக்க?"

"ஆறு இருக்கு."

"பண்ணைச் சரக்கு வேண்டாம் லே. பொசுக்குன்னு போயிருது. கடல் சரக்குன்னா எடுக்கலாம். நீ வாயால சொன்னா அவன் நம்பமாட்டான். படமும் ரேட்டும் எழுதி என் போனுக்கு அனுப்பு. அடியும் தெரியணும். அடி பாக்காம நான் வாங்கமாட்டேன், தெரியும்லா?"

"உங்களத் தெரியாதா எக்கா!"

அவன் கடைக்குப் போய்ச் சேருவதற்குள் படங்கள் வந்துவிட்டன. ஆறு சிப்பி, ஆறு அடி, கீழே அவன் எழுத்து: 'ஆறும் கடல் சரக்கு, பண்ணை இல்லை. போன வாரம் எடுத்தது. மொத்தமா எடுத்தா தொண்ணூறு.' டெபோரா அன்றைக்கே சேலை மாற்றிக்கொண்டு, நேராக வனத்துறை அலுவலகத்துக்குப் போனாள். இஸ்ரவேல் பின்னாலேயே வந்தார், கையில் பில்லும், மனதில் 'எனக்கு ஒத்தாசை வரும்' என்கிற நூற்று இருபத்தோராம் சங்கீதமுமாக.

அங்கே இருந்த அதிகாரி பாலசுப்பிரமணியன் மான், மயில், மரநாய் வரை பார்த்தவர். சிப்பி அவருக்குப் புதிது. படங்களைப் பார்த்தார். "இது அந்த ஜாதிதான்னு நீங்க எப்படிம்மா சொல்லுதீங்க?"

டெபோரா அவர் மேஜையில் இருந்த காலி டம்ளரை எடுத்துக் கவிழ்த்தாள். "அடியப் பாத்துச் சொல்லுதேன் சார். இந்த டம்ளர் மூணாந்தரம், தகடு கனமில்ல. உங்களுக்கு இத வாங்கிக் குடுத்தவன் கமிஷன் அடிச்சிருக்கான். சிப்பிக்கும் அதேதான்." பிளவு, செதில், கோணல், கடப்பாரைத் தழும்பு என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினாள். வெளியே ஒரு பியூன் சிரித்தது கேட்டது.

"உங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்குங்கீங்க. உங்க மேலயும் எழுதணும்மா."

"எழுதுங்க. மொதப் பேரா எழுதுங்க. ஏமாந்தவள்னு எழுதாதிய, அதுதான் எனக்குக் கேவலம். தெரியாம வாங்குனாள், தெரிஞ்சதும் தானா வந்தாள்னு எழுதுங்க."

"சிப்பி போயிருமே டெபோரா," என்றார் இஸ்ரவேல் மெதுவாக.

"போட்டும்."

அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவள் குரல் கொஞ்சம் பிசகியது. வேறு எங்கும் இல்லை.

மறுநாள் காலையில் கிங்ஸ்லியின் கடையில் ஆறு சிப்பியும் பிடிபட்டன. பிடித்தாயிற்று, எங்கே வைப்பது? மானுக்குக் கூண்டு இருக்கிறது, மயிலுக்கு இருக்கிறது. கடல் இல்லை. கடல் ஆராய்ச்சிக்காரர்கள் வந்து வாங்கிப் போக மூன்று வாரமாகும் என்றார்கள். பாளையங்கோட்டையில் அப்போது கைவசம் இருந்த ஒரே கடல், குற்றம் சாட்டப்பட்டவளின் ஹாலில் இருந்தது.

"எழுதிக் குடுங்க," என்றாள் டெபோரா. "எண்ணி வாங்கினேன், எண்ணித் தருவேன்."

செம்பு ஏறிய கண்ணாடித் தொட்டி காலி; மூன்று வாரம் ஏழு சிப்பியும் அசனத் தொட்டியில். அது கோவில் பக்கமே போகவில்லை. சபைப் போதகர் ஐயர் ஆள் அனுப்பிக் கேட்டார். அரசாங்கக் காவலில் இருக்கிறது என்று பதில் போயிற்று. செம்பு டிரம் கடைக்குத் திரும்பியது. வாசல் போர்டில் 'ஆயிரம் நோய்க்கு மருந்து' என்பதன் கீழே ஒரு வரி கூடியது: 'மனுஷருக்கு மட்டும்.' நாசர் அதைச் சத்தம் போட்டு வாசித்துவிட்டு ஓடினான். கிங்ஸ்லியின் மச்சான் ஒருவன் வந்து, "பஜாருல நீங்க எப்படித் தொழில் பண்ணுதியன்னு பாத்துருவோம்," என்றான். "பாரு. சும்மா நின்னு பாக்காம ரெண்டு கரண்டி வாங்கிட்டுப் பாரு," என்றாள்.

வந்த ஆறில் ஒன்றுக்கு அடி நார் அறுந்திருந்தது. எடுத்தவன் அவசரத்தில் இழுத்திருக்கிறான். அது எட்டாம் நாள் செத்தது. டெபோரா அன்று கடையை ஒரு மணிநேரம் பிந்தித் திறந்தாள்.

வண்டி வந்த அன்று ஒவ்வொரு சிப்பியையும் தண்ணீருக்குள்ளேயே சாய்த்து, அடியைக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தாள். தன்னுடையதைக் கடைசியாக எடுத்தாள். ஓட்டின் விளிம்பில் புதுசாக ஒரு வெள்ளை வரி ஓடியிருந்தது. கடை ஸ்கேலை வைத்து அளந்தாள். ஆராய்ச்சிக்கார இளைஞர் பார்க்கக் குனிந்தார். அவர் நிழல் விழுந்ததும் சிப்பி சடக்கென்று மூடி, அவர் மூக்குக் கண்ணாடியில் தண்ணீரைப் பீச்சியது.

"யாருக்கும் மசியாது," என்றாள் டெபோரா.

பாலசுப்பிரமணியன் படிவத்தை நீட்டினார். மதிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. பதினெட்டாயிரம் என்று எழுதியிருந்தார்.

"அது அவன் சொன்ன விலை சார். அத எதுக்கு அரசாங்கம் எழுதணும்?"

"பின்னே என்ன எழுதட்டும்?"

டெபோரா யோசித்தாள். முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு சரக்குக்கு விலை சொல்லத் தெரியவில்லை. "கட்டத்தக் காலியா விடுங்க," என்றாள். அவர் ஒரு கோடு போட்டு விட்டார்.

மத்தியானம் கடைக்கு வந்து, கணக்கு நோட்டில் ஒரு புதுப் பக்கம் பிரித்து எழுதினாள்:

சிப்பி ஒன்று: 18,000.

உப்பு, விளக்கு, சொட்டு மருந்து: 11,460.

செம்பு டிரம் ஒன்று (இனி புதுசாக விற்க முடியாது), இஸ்ரவேல் செலவு: 4,200.

ஆக மொத்தம்: 33,660.

வளர்ச்சி: ஒன்பது மில்லிமீட்டர்.

சிப்பி வந்தது ஏழு, கொடுத்தது ஆறு, செத்தது ஒன்று.

வாங்கியது கடல் மாக்ஸிமா. பில் பண்ணை டெராசாவுக்கு. பில்லில் உள்ள சரக்கு இன்றுவரை வந்து சேரவில்லை. ஆகவே கிங்ஸ்லி தரவேண்டிய பாக்கி: 18,000. கோர்ட்டு வாசலில் வைத்து வாங்கவும். தள்ளுபடி கிடையாது.